பெரிவேல் வெள்ளை மாளிகையும் அத்தானின் கராஜும்

இலண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர் பார்த்துவர வேண்டியவற்றுக்கு எழுதாத வாய்பாடு ஒன்று உண்டு. அரச மாளிகை, கோபுரப் பாலம், நூதனசாலை, மெழுகுப் பொம்மைகள்; பின்னர் ஒரு கோயில்; அதன் பின்னர் சேலைக் கடைகள். கடந்த ஆண்டு விடுமுறையில் மூன்று வாரம் அங்கே தங்கியிருந்த யானும் இவ்வாய்பாட்டை ஒழுங்காகவே ஒப்பித்தேன். ஆயினும் ஊர் திரும்பிய பின் மனத்திரையில் மீண்டும் மீண்டும் தோன்றுவது இவற்றில் ஒன்றன்று; மாநகரின் மேற்குப் புறத்திலே, பெரிவேல் என்னும் இடத்தில், பெருந்தெருவை நோக்கி நிற்கும் ஒரு வெண்ணிறக் கட்டிடமும், அதற்குக் கால்மணி நேர நடைத் தூரத்தில் உள்ள ஒரு சிறு கராஜுமே அவை.

என் பெரியதாயாரின் மகளும் அவரது கணவரும் அப்பகுதியில் வாழ்கின்றனர். வெஸ்ற் ஈலிங்கில் ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் ஆலயம் இருப்பதாலும், அல்பேட்டன், வெம்பிளி முதலிய இடங்களில் நம்மவர் செறிந்திருப்பதாலும் யாழ்ப்பாணத்துத் தமிழ் காதில் விழாத பஸ் வண்டி அங்கே குறைவு. வந்திறங்கிய மறுநாட் காலை அத்தான் என்னை அழைத்துச் சென்றார். "தம்பி, முதலில் ஓர் அரண்மனையைப் பாரும். அரசர் எவரும் அதில் இருந்ததில்லை" என்றார்.

மேற்குப் பெருந்தெரு ஓயாத வாகன வெள்ளம். அதன் ஓரத்திலே புற்றரைக்கு அப்பால் நீண்டு கிடக்கின்றது அக்கட்டிடம். பால் போன்ற வெண்மை. வரிசையாக நிமிர்ந்த தூண்கள். அவற்றிடையே பச்சைச் சட்டமிட்ட நெடிய கண்ணாடிகள். வாயிலின் மேல் சிவப்பும் நீலமும் கலந்த ஓட்டு வேலைப்பாடு. எகிப்து நாட்டுக் கோயிலொன்று வழி தவறி ஆங்கில மழையில் நனைந்து நிற்பது போலத் தோன்றிற்று. தோமஸ் வாலிஸ் என்பவரின் கட்டிடக் கலை நிறுவனம் வரைந்து, 1933ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இக்கட்டிடம் எதற்கென்று வாசகர்கள் ஊகித்தல் அரிது. தரை துப்புரவு செய்யும் பொறிகளை ஆக்கும் தொழிற்சாலை அது. அதன் பெயர் ஹூவர். ஆங்கிலேயர் வீடு துப்புரவாக்குவதையே 'ஹூவர் செய்தல்' என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் அவர் மொழியில் வினைச்சொல்லாகிவிட்டது.

அழகென்று இன்று கொண்டாடப்படும் இதனைக் கட்டிடக் கலை வரலாற்றறிஞர் நிக்கொலஸ் பெவ்ஸ்னர் 1951இல் வெளிவந்த தம் நூலில் கடுமையாகச் சாடியிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்குத் தப்பவென வெண்சுவர்களுக்கு வேடமிட்டு மறைத்தனர்; உள்ளே விமானங்களுக்கு வேண்டிய மின்னுறுப்புகள் செய்யப்பட்டன. வாலிஸ் நிறுவனத்தாரே வரைந்த மற்றொரு புகழ்பெற்ற தொழிற்சாலை, பிறென்ற்போட்டில் இருந்த ஃபயர்ஸ்ரோன் ரயர் ஆலை, 1980ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாத விடுமுறை நாளொன்றை ஒட்டி இடித்துத் தள்ளப்பட்டது. அந்த அதிர்ச்சியின் பயனாக அவ்வாண்டிலேயே பெரிவேல் கட்டிடம் காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலிற் சேர்ந்தது. கட்டிடம் காக்கப்பட்டது, தொழில் காக்கப்படவில்லை. 1982இல் அங்கே பொறி ஆக்குவது நின்றது. 1992இல் பின்புறம் ஒரு சூப்பர் மார்க்கெற் ஆயிற்று. முன்புறம் இப்பொழுது குடியிருப்பு. யாம் சென்ற வேளை ஒரு பெண்மணி தம் வீட்டுச் சாளரத்தைத் திறந்து கம்பளத் துண்டொன்றை வெளியே உதறிக்கொண்டிருந்தார். அத்தான் அதனைச் சுட்டிக்காட்டிச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் ஒலிக்கின்றது.

அத்தான் இத்தொழிற்சாலையில் வேலை செய்தவரல்லர். ஊரில் மின்சாரத் தொழில் கற்றவர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் புலம்பெயர்ந்து, மின்பொருள் திருத்தும் கடையொன்றில் அமர்ந்தார். அக்கடைக்கு வந்து திரும்பிப் போகாத பழம் பொறிகள் சில. கடைக்காரர் அவற்றை எறியச் சொன்னார். இவர் வீட்டுக்குக் கொண்டு சென்றார். அன்று தொடங்கியது இன்று 29 பொறிகளாய்க் கராஜை நிறைத்து நிற்கின்றது. கார் வெளியே மழையில் நிற்கின்றது.

அவர் சேர்ப்பது ஒரே இனத்தை: நின்றவாறே பிடியைப் பற்றித் தள்ளும் நிமிர்ந்த பொறிகள். குழாயை இழுத்துக்கொண்டு நாய்க்குட்டிபோற் பின்னால் வரும் உருளைப் பொறிகளை அவர் மதிப்பதில்லை. யான் அவற்றுக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. நிமிர்ந்த பொறிக்கு வரலாறு உண்டென்பது அவர் வாதம். அந்த வரலாற்றை ஏணிப்படியில் அமர்ந்து அவர் சொல்லக் கேட்டேன்.

தூசியை உறிஞ்சலாம் என்று காட்டியவர் இலண்டன் பொறியியலாளர் ஹியூபேட் செசில் பூத். தூசியை ஊதிப் பறக்கவிடும் ஒரு கருவியை அவர் கண்டார். ஊதுவதை விட உறிஞ்சினால் என்ன என்று எண்ணி, கைக்குட்டையை ஓர் இருக்கை மேல் வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார்; கைக்குட்டையின் மறுபுறம் கரிபடிந்தது. 1901இல் அவர் செய்த பொறியோ குதிரை பூட்டிய வண்டி. அது தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சாளரம் வழியே வீட்டுக்குள் நுழையும். ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி வெஸ்மினிஸ்ரர் தேவாலயக் கம்பளங்களைத் துப்புரவாக்கிய பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் வீட்டுப் பெண்ணின் கைக்கு அது எட்டவில்லை.

கைக்கு எட்டச் செய்தவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி என்பதைக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்துக் கான்டன் நகரிலே, ஒரு பெரிய கடையில் இரவு தோறும் கம்பளம் பெருக்கியவர் ஜேம்ஸ் மறே ஸ்பாங்ளர். தொய்வு நோயாளி. பெருக்கினாற் பறக்கும் தூசி அவருக்கு நஞ்சு. பெருக்காவிட்டாற் கூலி இல்லை. 1907இல் அவர் மின்விசிறி மோட்டர் ஒன்றை ஒரு பெட்டியிற் பொருத்தி, தும்புத்தடியின் பிடியை நாட்டி, பின்னால் ஒரு தலையணை உறையைக் கட்டினார். முன்னே சுழலும் தூரிகை தூசியைக் கிளப்ப, விசிறி அதை இழுத்து உறைக்குள் தள்ளிற்று. 1908 ஜூன் மாதம் ஆக்கவுரிமை கிடைத்தது. ஆனால் முதல் இல்லை. வில்லியம் ஹென்றி ஹூவர் என்பவரின் மனைவி சூசன் அப்பொறியைப் பயன்படுத்தி மெச்சினார். ஹூவர் தோற்பொருள் வணிகர்; குதிரைச் சேணம் செய்பவர். மோட்டர் வண்டி பெருகப் பெருகச் சேணத்தின் எதிர்காலம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவ்வாண்டே உரிமையை வாங்கினார். பத்து நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம், பணம் வேண்டாம் என்று விளம்பரமும் செய்தார். ஸ்பாங்ளர் 1915இல் காலமானார். வினைச்சொல்லானது அவர் பெயரன்று.

இனிப் பொறிகளைப் பற்றி. தட்டுகளில் அவை காலவரிசைப்படி நிற்கின்றன. தொடக்க காலத்தன வெறும் அலுமினிய வார்ப்புகள். மோட்டர் கலயம்போல் மேலே துருத்தி நிற்கும். 1926இல் தூரிகை உருளையோடு கம்பளத்தைத் தட்டும் உலோகச் சட்டமும் சேர்ந்தது. தடியால் பாயைத் தட்டினால் அடியில் உள்ள மண் மேலெழும் அல்லவா? அதே சூத்திரம். 1936இல் ஹென்றி டிறைபஸ் என்னும் வடிவமைப்பாளர் மோட்டருக்குப் பேக்கலைற் மூடி ஒன்று இட்டு, உடலை இலகுவான மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆக்கினார். அன்றிலிருந்து பொறி, பொறி போலன்றி ஒரு சிறு மோட்டர் வண்டி போல விளங்கலாயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த அவ்வகைப் பொறி ஒன்று அத்தானிடம் உண்டு. அது 110 வோல்ற்றுக்கு உரியது. மின்மாற்றி இன்றி இலண்டன் மின்சாரத்தில் மாட்டினாற் கணத்தில் கருகிவிடும். பழம் பொறி எதனைத் தொட்டாலும் முதலில் தகட்டைப் படிக்க வேண்டும் என்பது அவர் எனக்குக் கற்பித்த முதற் பாடம்.

இரண்டாவது பாடம் வயர். அக்காலத்து வயரின் உள்ளே இறப்பர். நாட்பட்டால் அது பிஸ்கற்போல் நொறுங்கும். புறத்தே நெய்த உறை அழகாகவே இருக்கும். அகத்தே செம்பு வெறுமையாய்க் கிடக்கும். "உயிரைக் குடிப்பது இந்த அழகுதான் தம்பி" என்றார். சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நடுநிலை, பச்சை நிலக்கம்பி என்ற பழைய முறையும், மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் என்ற இன்றைய முறையும் குழம்பினால் மற்றுமோர் ஆபத்து. பழம்பொருள் விரும்பிகளில் சிலர் பழைய வயரை மாற்றுவது பாவம் என்பர். அத்தான் ஈவிரக்கமின்றி மாற்றுகின்றார். துணி உறையிட்ட புதிய வயர் விற்பனைக்கு உண்டு. யானும் அவர் கட்சியே.

அவர் திருத்திய ஒன்றை உடனிருந்து பார்த்தேன். 1960களைச் சேர்ந்த 'ஜூனியர்' என்னும் சிறிய பொறி. அந்த வெள்ளைக் கட்டிடத்தில் ஆக்கப்பட்டது. ஈலிங்கில் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்தது. கவிழ்த்துக் கிடத்தி, உருளையில் இறுகச் சுற்றியிருந்த மயிரையும் நூலையும் கத்தியால் அறுத்தார். பின் விசிறி. இப்பொறிகளில் தூசி, விசிறியின் ஊடாகச் சென்றே பையை அடைகின்றது. ஆதலால் நாணயமோ கல்லோ போனால் விசிறியின் இதழ் உடையும். விசிறி நலமே இருந்தது. மோட்டரின் கரித்துண்டுகள் தேய்ந்து சிறுத்திருந்தன; செம்பு வளையம் கறுத்திருந்தது. நுண்ணிய தாளால் அதனைத் துலக்கிப் புதிய கரி இட்டார். மூடியைப் பித்தளை துலக்கும் மெருகால் தேய்க்கத் தேய்க்க மங்கிய பரப்பில் என் முகம் தெரிந்தது. அவருடைய விரல்கள் சற்றே நடுங்குவதை அப்பொழுதுதான் கவனித்தேன். சிறிய திருகாணிகளை என்னிடம் தந்தார்; யான் பூட்டினேன்.

பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இம்மோட்டர் பழைய நண்பன். தொடர்சுற்று மோட்டர் என்போம். நேரோட்டத்திலும் ஆடலோட்டத்திலும் ஓடும். சுமை குறைந்தால் வேகம் ஏறும், சுமை கூடினால் இறங்கும். கரும்பலகையில் வரைபடமிட்டு யான் பன்னிரண்டு ஆண்டுகள் சொல்லி வருவது இது. பழுது பார்க்க இயலாத ஒரு பொறியின் மோட்டரைக் கழற்றி, "உம்முடைய மாணாக்கருக்கு" என்று அத்தான் என் கையில் வைத்தார். விமான நிலையத்தில் அது என்னவென்று விளக்குவதற்குப் பட்டபாடு தனிக் கட்டுரைக்கு உரியது.

இத்துணை நேரமும் அக்கா கராஜுக்குள் வரவில்லை. வருவதில்லையாம். பிற்பகல் தேநீர் அருந்தும்போது காரணம் கேட்டேன்.

"நான் அங்கே என்னத்துக்கு வாறது தம்பி? வந்த புதிதில் பதினொரு வருஷம் கந்தோர் துப்புரவு செய்தேன். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் நான்கு மாடி. இதேமாதிரிப் பொறிதான். பிள்ளைகள் உறங்கின பிறகுதான் வீட்டுக்கு வருவேன். அந்தச் சத்தம் கேட்டால் இப்பவும் தோள் நோகும்."

அத்தான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாதிருந்தார். ஊரிலே சீமெந்துத் தரையைத் தும்புத்தடியால் பெருக்கி, முற்றத்தை ஈர்க்குமாற்றால் கூட்டி வளர்ந்தவர் அக்கா. ஆசிரிய கலாசாலையிற் பயின்றவர். அவர் எந்தக் கட்டிடத்தில், எத்தனை கம்பளங்களில் இதனைத் தள்ளினார் என்பதை யான் அதுவரை கேட்டதே இல்லை. கடிதங்களில் அவர் எழுதியதும் இல்லை. அடுத்த ஆண்டு வீட்டை விற்று மகளின் ஊருக்குப் போக வேண்டும், அங்கே கராஜ் இல்லை, 29இல் எத்தனை போகும் என்பதே இருவருக்கும் இடையே நடக்கும் வழக்கு என்பதும் அப்பொழுதே தெரிந்தது. அக்கா ஒன்று என்கின்றார். அத்தான் ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கி வந்துள்ளார்.

மாலையில் ஜூனியர் தயாராயிற்று. மின்சோதனை முடித்து, கராஜின் வெறுந்தரையில் ஓடவிட்டார், நேர்த்தியாகவே ஒலித்தது. கம்பளத்தில் பார்க்க வேண்டுமென்று நடைக்கூடத்துக்குத் தூக்கி வந்தோம். அத்தான் தள்ள, யான் பின்னே நின்றேன். பை புடைத்தது, முன்விளக்கும் எரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து மகிழ்ந்த அக்கணத்தில் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, பெல்ற் தளர்ந்துபோயிருக்கு."

அத்தான் நிறுத்தினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாயிலில் வந்து நின்றார். "கம்பளத்தில் ஏறினதும் சத்தம் இறங்க வேணும். இறங்கவில்லை. உருளை சுழலாமல் சும்மா நிற்கிறது" என்றார்.

சுமை கூடினால் வேகம் இறங்கும். என் வரைபடம் என் காதுக்கு எட்டவில்லை. கவிழ்த்துப் பார்த்தோம். மோட்டரின் தண்டு மட்டுமே சுழன்றது; பழைய இறப்பர்ப் பட்டி நெகிழ்ந்து உருளை அசையாது கிடந்தது. அத்தான் கராஜுக்குப் போய்ப் புதிய பட்டி ஒன்றை எடுத்து வந்தார். அவர் கைநடுக்கம் பொருத்துதற்குத் தடையாயிற்று. அக்கா தரையில் அமர்ந்து, பட்டியை வாங்கி, ஒரே இழுப்பில் மாட்டினார். பின் எழுந்து, பிடியைப் பற்றி, சுவிச்சைத் தட்டி, நடைக்கூடத்தின் கோடி வரை ஒருமுறை தள்ளிச் சென்று திரும்பினார். ஒலி கம்பளத்தில் ஏறியதும் தாழ்ந்து கனத்தது.

"இது சரி" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனார்.