மரப்பெஞ்சில் கழிந்த ஒரு பகல்



கேளிக்கைப் பூங்கா ஒன்றைக் கண்டுவந்த செய்தியில், குடும்ப இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். நேரில் காணும்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இராட்டினங்கள் சுற்றும், பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், பெரியவர்கள் பணப்பையைத் திறந்தபடி பின்னால் நடப்பார்கள், இதற்கு ஒரு பயணமா என்பதே என் நினைப்பு. அந்த நினைப்பை மாற்றியவர்கள் அங்கே காத்திருந்த மனிதர்கள். அவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட சாதாரணப் பேச்சைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கலிஃபோர்னியா மாநிலத்தில் வாழும் என் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்த நேரம் அது. ஒரு நாள் மகளும் மருமகனும் பேத்தியுடன் என்னையும் அழைத்துக்கொண்டு அனாஹைம் நகரத்திலுள்ள டிஸ்னிலேண்டிற்குப் புறப்பட்டார்கள். மூட்டுவலியின் காரணமாக என் துணைவியார் வீட்டிலேயே தங்கிவிட்டார். வெளி உணவு குறித்த கவலை வேண்டாம் என்று மகள் சப்பாத்தியும் கறியும் கட்டி எடுத்துக்கொண்டாள். வீட்டு உணவை உள்ளே கொண்டுசெல்ல அங்கே தடையில்லை என்பது நம்மைப் போன்றோருக்குப் பெரும் வசதியாகும்.

வாயிலைக் கடந்ததும் எதிர்ப்படுவது ஒரு கடைத்தெரு. ஏறத்தாழ 1900-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறு அமெரிக்க ஊரொன்றின் தோற்றத்தில் அதனை அமைத்திருக்கிறார்கள். பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பி அதன்மேல் நீராவி இரயிலை ஓடவிட்டிருக்கிறார்கள். உள்ளிருப்போர் கண்களுக்கு வெளியுலகம் தென்படலாகாது என்பதே அந்த மேட்டின் நோக்கம்.

இங்கு ஒரு பழைய செய்தியை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். படத் தயாரிப்பாளரான வால்ட் டிஸ்னி, வார விடுமுறைகளில் தம் இரு பெண்மக்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். பிள்ளைகள் இராட்டினக் குதிரைகளில் சுற்றிவருவார்கள். தந்தையோ ஒரு பெஞ்சில் தனியே அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்தே மகிழ்வதற்கு ஓர் இடம் இருக்கலாகாதா என்ற ஏக்கம் அந்தப் பெஞ்சில்தான் தமக்குப் பிறந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். கிரிஃபித் பூங்காவின் பெஞ்சு ஒன்று டிஸ்னிலேண்டின் கடைத்தெருவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்ததை நான் கண்டேன். பச்சை வண்ணம் பூசிய எளிய மரப்பெஞ்சுதான். ஆயினும் அதன்முன் சற்று நேரம் நின்றுவிட்டேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அந்த ஏக்கம் ஆரஞ்சுத் தோட்டங்களாய் இருந்த 160 ஏக்கர் நிலத்தில் உருப்பெற்றது. ஏறத்தாழ ஓராண்டில், 1 கோடியே 70 இலட்சம் டாலர் செலவில் கட்டி முடிக்கப்பட்டு, 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் பூங்கா திறக்கப்பட்டது. திறப்பு நாள் சிறப்பாக அமையவில்லை. அழைப்பிதழ்களைப் போலியாக அச்சிட்டு எடுத்துவந்தோரும் சேர்ந்துகொள்ள, 28,000 பேர் உள்ளே நிறைந்துவிட்டனர். கடும் வெயிலில் புதிய தார்ச்சாலை இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீருக்கும் தட்டுப்பாடு. இத்தனை இடர்களுக்குப் பின்னரும் ஏழு வாரங்களுக்குள் 10 இலட்சம் பேர் வந்து சென்றனர் என்றால், இத்தகைய இடத்திற்கு எத்தனை குடும்பங்கள் காத்திருந்தன என்பது விளங்கும்.

வாருங்கள், இனி நான் அமர்ந்த பெஞ்சிற்குச் செல்வோம்.

பூங்காவின் நடுவே மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலை நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் அதே பெயருடைய மலையை நூறில் ஒரு பங்காய்ச் சுருக்கி, 147 அடி உயரத்தில் எழுப்பியிருக்கிறார்கள். இம்மலைக்குள் பாய்ந்து செல்லும் சறுக்கு வண்டி 1959-இல் தொடங்கப்பட்டது. உருளையான எஃகுக் குழாய்களைத் தண்டவாளமாகக் கொண்ட முதல் ரோலர் கோஸ்டர் இதுவே. வண்டியில் ஏற 107 செண்டிமீட்டர் உயரம் வேண்டும். வாயிலில் நட்டிருந்த அளவுகோலின் அருகே என் பேத்தி நிமிர்ந்து நின்று பார்த்தாள். கழுத்தை நீட்டியும் பார்த்தாள். உயரம் போதவில்லை! மகளும் மருமகனும் வரிசையில் சேர்ந்துகொள்ள, அழுகையை அடக்கிக்கொண்ட பேத்தியுடன் நான் எதிரே இருந்த பெஞ்சில் அமர்ந்தேன்.

பக்கத்தில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் கழுத்திலிருந்த நாடாவில் பூங்காவின் சிறு உலோகச் சின்னங்கள் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. இவற்றைச் சேகரிப்பதும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதும் இங்கு அடிக்கடி வருவோரின் பழக்கமாம். பேத்தியின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குச் செய்தி விளங்கிவிட்டது. தம் பேரனும் சென்ற ஆண்டு இதே அளவுகோலின் அருகே அழுதான் என்றும், இந்த ஆண்டு அதைத் தாண்டிவிட்டான் என்றும் குழந்தையிடம் கூறினார். பிள்ளைகளின் வளர்ச்சியைத் தம் குடும்பத்தார் வீட்டுச் சுவரில் குறிப்பதில்லை, இங்கு வந்துதான் அளந்து பார்க்கிறோம் என்றும் சொல்லிச் சிரித்தார். பேத்தியும் சிரித்துவிட்டாள்.

அதன்பின் ஒருவர்பின் ஒருவராய் அவருடைய தோழர்கள் வந்து நின்றார்கள். அனைவரும் பூங்காவிலேயே அறிமுகமானவர்களாம். இராட்டினங்களைப் பற்றி ஏதேனும் நுட்பமாகப் பேசுவார்கள் என்று செவியைக் கூர்மையாக்கினேன். அவர்கள் பேசியவை வேறு! ஒருவர் அம்மையாரின் முழங்கால் அறுவை எவ்வாறு ஆறிவருகிறது என்று கேட்டார். அம்மையார் அவர் மகளின் தேர்வு முடிவைக் கேட்டார். இன்னொருவர் தம் தாயாரைச் சக்கர நாற்காலியில் நெடுந்தூரம் அழைத்துச் செல்வது குறித்து யோசனை கேட்டார். ஓர் இளம் தம்பதியர், கைக்குழந்தையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஒருவர் இறங்கியபின் மற்றவர் ஏறும் ஏற்பாட்டை விசாரித்தனர். நால்வர் ஒரே குரலில் விளக்கம் தந்தார்கள். நம் ஊரில் திருமண வீட்டுப் பந்தலில் உறவினர் கூடிப் பேசுவது போன்றே எனக்குத் தோன்றியது.

வண்டி மலையைச் சுற்றி இறங்கச் சில நிமிடங்கள் போதும். அதற்காக நிற்கும் நேரமோ ஒரு மணியை எட்டிவிடுகிறது. வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருப்போர், வரிசையில் விலகிச் செல்ல வழியின்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கிறார்கள். வேறென்ன செய்வது? பேசுகிறார்கள்!

2020-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள், கொரோனா பெருந்தொற்றின் காரணமாகப் பூங்கா மூடப்பட்டது. மீண்டும் திறக்கப்பட்டது 2021 ஏப்ரல் 30-ஆம் நாள்தான். ஓராண்டைக் கடந்த அக்காலத்தில் தாம் இழந்தது விளையாட்டை அன்று, இந்தப் பெஞ்சைத்தான் என்றார் அம்மையார். திறந்த பின்னர் மீண்டும் சந்தித்தபோது, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பார்த்தார்களாம். வராதவர்களும் இருந்தார்கள் என்று சொல்லிச் சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. 1955-இல் நுழைவுக் கட்டணம் 1 டாலர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் 10 முதல் 35 செண்டு வரை தனியே செலுத்த வேண்டும். தனிச் சீட்டு முறை 1982-இல் முடிவுற்றது. ஒரே கட்டணத்தில் அனைத்தும் என்றாயிற்று. அந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே வந்து, கூட்டம் மிகுந்த நாட்களுக்கு 2024 அக்டோபரில் ஓர் ஆளுக்கு 206 டாலராயிற்று. தொழிற்சாலைப் பணியாளராயிருந்த தம் தந்தை அன்று ஐந்து பிள்ளைகளை அழைத்துவர முடிந்தது. இன்று தம் மகன் இரண்டு பிள்ளைகளை அழைத்துவர ஆண்டு முழுதும் சேமிக்கிறான் என்றார். குடும்பங்களுக்கென்று எழுந்த இடம் குடும்பங்களுக்கே எட்டாமல் போவது எவ்வளவு முரண்பாடு, சிந்தித்துப் பாருங்கள்!

பேச்சின் ஊடே அம்மையார் இயல்பாக ஒரு வினாவைக் கேட்டார். உங்கள் மகள் சிறுமியாக இருந்தபோது அவளை எங்கே அழைத்துச் செல்வீர்கள் என்றார்.

வாசகர்களே, எனக்கு விடை கிடைக்கவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் நான் சவூதியில் பணிபுரிந்தேன். மகள் பிறந்தபோது தம்மாமில் இருந்தேன். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. அந்த இரண்டு மாதங்களும் வீட்டுக் கட்டுமானம், வங்கி, உறவினர் திருமணங்கள் என்று ஓடிவிடும். அவள் படிப்புக்கும் உடைக்கும் குறை வைத்ததில்லை. ஆயினும் அவளுக்கென்று மட்டும் ஒரு நாளை ஒதுக்கி எங்கேனும் அழைத்துச் சென்றேனா? கடைத்தெருவில் அந்தப் பழைய பெஞ்சின்முன் நான் நின்றதற்குக் காரணம் இதுவே. வேர்க்கடலை கொறித்தபடி தனியே அமர்ந்திருந்த அந்தத் தந்தையாவது தம் பிள்ளைகளின் கண்ணெதிரே இருந்தார். நான் அதுவும் இருந்ததில்லை.

நான் வெளிநாட்டில் இருந்தேன் என்று மட்டும் அம்மையாரிடம் கூறினேன். அவர் தலையசைத்துவிட்டு, நீங்கள் அமர்ந்திருப்பதால்தானே இன்று உங்கள் மகள் மலையேறப் போயிருக்கிறாள் என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, அறியேன்.

சற்று நேரத்தில் மகளும் மருமகனும் கலைந்த தலையோடு சிரித்துக்கொண்டே வந்தார்கள். "அத்தா, அடுத்தது குதிரை இராட்டினம். அதற்கு உயரம் பார்க்க மாட்டார்கள். நீங்களும் ஏற வேண்டும்" என்றாள் மகள். இந்த வயதில் எனக்கெதற்கு என்று மறுத்தேன். "வாங்க நன்னா" என்று பேத்தி கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

கனடாவின் டொராண்டோ நகரத்துப் பூங்கா ஒன்றிலிருந்து வாங்கிவரப்பட்ட பழைய இராட்டினம் அது. அங்கும் வரிசைதான், இருபது நிமிடங்கள் நின்றோம். அந்த இருபது நிமிடங்களில், தான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது நடந்ததை எல்லாம் மகள் எனக்குச் சொன்னாள். தோழியோடு ஏற்பட்ட சண்டை, பரிசு பெற்ற நாள், காய்ச்சலில் படுத்திருந்தபோது உம்மா சொன்ன கதைகள். அனைத்தும் எனக்குப் புதிய செய்திகள். முப்பது ஆண்டுகள் கழித்துக் கேட்டுக்கொண்டேன்.

அன்பர்களே! இதற்காக நீங்கள் அனாஹைம் வரை செல்ல வேண்டியதில்லை. அத்தனை டாலர் செலவிடவும் வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கடற்கரையும் பொருட்காட்சித் திடலும் போதும். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் தந்தையருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அறுபது நாட்களில் ஒரு நாளைப் பிள்ளைகளுக்கென்று எழுதி வைத்துவிடுங்கள். அன்று நீண்ட வரிசையில் நிற்க நேர்ந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வது அந்த நேரத்தில்தான்.