கேஸ் ஹிஸ்டரியில் ஏறாதது

ஜூன் 3, செவ்வாய்
நேற்று அட்மிட் ஆன பையனுக்குக் கை நடுக்கம் அடங்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தண்ணீர் குடிக்கிறான். தயமின் ஊசி, லிப்ரியம் போய்க்கொண்டிருக்கிறது. பிதற்றல், பிரமை வருவதானால் இந்த ரெண்டு மூணு நாளில்தான் வரும். நைட் சிஸ்டரிடம் சொல்லிவைத்தேன். குடிக்கக் காரணம் 'காதல் தோல்வி' என்று ஃபைலில் இருக்கிறது. பாதி ஃபைல்களில் அதுதான்.

ஜூன் 6, வெள்ளி
குரூப்பில் அந்தப் பெண் விட்டுப்போன கதையைச் சொன்னான். கொஞ்சம் அதிகச் சரளம். சாயங்காலம் தனியாக வந்து உட்கார்ந்தான். "சார், அது பொண்ணு இல்ல."

முதல் தடவை காலேஜ் ஹாஸ்டலில், ஆளுக்கொரு குவார்ட்டருக்குப் பிறகு. காலையில் 'போதைல என்ன நடந்துச்சுன்னே தெரியல' என்று இருவரும் சொல்லிக்கொண்டார்களாம். "நல்லாத் தெரியும் சார், ரெண்டு பேருக்குமே." அதற்கப்புறம் குடிக்காமல் யாரையும் தொட்டதேயில்லை. இது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லியாயிற்று. இவனுக்கு இன்னும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அது பாட்டிலில் கிடைக்கிறது.

பொய் சொல்லக் கூடாது என்பது குரூப்பின் முதல் விதி. அதே அறையில் 'ஒன்பது' ஜோக் அடிக்கிறவர்கள் நாலு பேர். அங்கே போய் உண்மையைப் பேசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்
இவனைப் போன்றவர்களைப் பற்றி இலன் மேயர் 2003-இல் எழுதிய கட்டுரையை மறுபடி எடுத்தேன். நேரில் படும் அவமானம் மட்டுமில்லை, எப்போது வருமோ என்று காத்திருப்பதும், மறைத்தே வாழ்வதும் மனசைக் கெடுக்கும் என்கிறார். அமெரிக்காவில் எழுதியது, விழுப்புரத்துக்காரனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

ஜூன் 11, புதன்
அப்பா வந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரியும். "குடியோட சேத்து அதையும் மாத்தி வுட்டுடுங்க சார். செலவப் பத்திக் கவலையில்ல."

"ஐயா, அது வியாதியே இல்ல" என்றேன். மாற்றுகிறேன் என்று சிகிச்சை தருவதை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்ததையும், மறுவருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்ததையும் சொன்னேன். காதில் ஏறவில்லை. "அப்ப குடி மட்டும் வியாதியா?" நியாயமான கேள்வி. வெகுநேரம் பேசினோம். மகனுக்கென்று வாங்கிவந்த மிக்சரை என் மேஜையிலேயே வைத்துவிட்டு, அவனைப் பார்க்காமல் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 14, சனி
டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்ன என்று பேசினோம். டாஸ்மாக் இல்லாத தெருவாகப் பார்த்துப் போ என்பது எல்லாருக்கும் சொல்வது. குடிக்கிற சிநேகிதர்களை விடு என்பதும்தான். ஆனால் இவனை இவனாகத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே. கூடுவதும் பாரில், இல்லாவிட்டால் யார் வீட்டு மொட்டை மாடியிலோ சரக்கோடு. அவர்களையும் விட்டால் யார் மிச்சம்?

யாரையாவது டீக்கடையில் சந்தித்துப் பேசிப்பார் என்றேன். "டீயக் குடிச்சிட்டு என்ன சார் பேசுறது?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். திங்கட்கிழமை ரோல்ப்ளே அதுதான். எதிர் பெஞ்சில் நான்.