எண்ணிப் பார்த்ததா, கேட்டு எழுதியதா?

2017-இல் ஆனைமலையில் எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) தென்னந்தோப்பு முழுக்க ஓலைகள் கறுத்துக் கிடந்தன. விரலால் தேய்த்தால் அடுப்புக்கரி போல ஒட்டும். ஓலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் வெள்ளை மாவில் சுருள் சுருளாகக் கோலம். அதற்கு நடுவே சுருள் வெள்ளை ஈ. அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளின் மேல் சொட்ட, அதில் கரும்பூசணம் படர்ந்திருந்தது.

கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொண்டேன். பிறந்து வளர்ந்த தோப்பு, தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்ற துணிச்சல். பத்துப் பக்கம் எழுதினேன். முதல் இரண்டு பக்கம், முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் ப்ராஜெக்டிலிருந்து அப்படியே எடுத்தது. எனக்கு வழிகாட்டிய பேராசிரியை அந்த இரண்டையும் கிளிப்பிலிருந்து கழற்றித் தனியே வைத்துவிட்டார். “இது உன்னோடது இல்ல. இதுல உனக்கு உதவி செய்யறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார். பிறகு, ‘மருந்தடித்த தோப்புகளில் ஈ பெருகியது’ என்ற வரியின் கீழே கோடு போட்டு, “இது எண்ணிப் பார்த்ததா, கேட்டு எழுதுனதா கண்ணு?” என்று கேட்டார்.

கேட்டு எழுதியதுதான். அப்பாரு சொன்னது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவர் சொன்ன விதத்தை நினைத்துப் பார்த்தேன்: “மேக்கால தோப்புல மருந்தடிச்ச பொறவுதான் ஈ சாஸ்தியாச்சாம்.” தான் கண்ணால் பார்க்கவில்லை என்பதை அந்த ‘ஆம்’ ஒன்றிலேயே அவர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் போகாத மனுசர் காட்டிய கவனம் அது. எழுதும்போது நான் அந்த ‘ஆம்’மைக் கழற்றிவிட்டேன்; கேள்விப்பட்டது கண்டதாகிவிட்டது.

மறுபடி தோப்புக்குப் போனேன். 20 மரம், மரத்துக்கு நான்கு திசையிலும் ஒவ்வொரு ஓலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை எண்ணிக்கை. தொரட்டியால் மட்டையை வளைத்துத் தருவது அப்பாரு, லென்ஸ் வைத்து எண்ணுவது நான். மூன்றாம் முறை எண்ணும்போது இளம்பருவ ஈக்களின் கூடுகள் சிலவற்றில் ஊசி குத்தியது போல வட்டத் துளை தெரிந்தது. என்கார்சியா என்ற சின்னஞ்சிறு குளவி ஈக்குள்ளேயே வளர்ந்து, துளைத்து வெளியேறிய வழி. கண்மூடித்தனமாக மருந்தடித்தால் இந்தக் குளவியும் சாகும் என்று படித்தபோது, அப்பாரு கேள்விப்பட்டதற்குக் காரணம் இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் நான் எண்ணிய 20 மரமும் மருந்து படாதவை. ஒப்பிட்டுச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆகவே இப்படித் திருத்தினேன்: ‘மருந்தடித்த தோப்புகளில் ஈ கூடியதாக விவசாயிகள் சொல்கிறார்கள், இந்த ஆய்வு அதைச் சோதிக்கவில்லை.’ அந்த ஒரு வரிக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. நான் எழுதிய முதல் ஆய்வு வரி அதுதான்.

படிக்கவும் அப்போதுதான் கற்றேன். இந்த ஈயை மத்திய அமெரிக்காவின் பெலிசில் கண்டு 2004-இல் விவரித்துப் பெயரிட்டவர் மார்ட்டின் என்ற பூச்சியியலாளர். இந்தியாவில் 2016-இல் அது முதலில் பதிவான இடங்களில் ஒன்று பொள்ளாச்சி. எங்களுக்கு அரை மணி பஸ் தூரம். ஆய்விதழில் எங்கள் பக்கத்து ஊரின் பெயரைக் கண்டதும் உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒருவர் இங்கே வந்து, ஓலையைத் திருப்பி, எண்ணி, எழுதி வைத்திருக்கிறார். அவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடரலாம். மேற்கோள் காட்டுவது வெறும் சடங்கல்ல, யார் தோள்மேல் நின்று பார்க்கிறோம் என்று சொல்லும் நன்றி என்பது அன்று புரிந்தது. தொல்காப்பியரே முன்னோர் கருத்தைச் சொல்லுமிடத்தில் ‘என்ப’ என்று அவர்களுக்குரியதை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறார். நமக்கு இது புதுப் பழக்கம் இல்லை.

ஆய்வு எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். கண்டது, கேட்டது, படித்தது. ஒன்றை இன்னொன்றில் கலக்காதீர்கள். நடை, இலக்கணம், கலைச்சொல் எல்லாம் எழுத எழுத வந்துவிடும்.

பைண்டிங் செய்த கட்டுரையை அப்பாருவிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “நாஞ்சொன்னதும் இதுல இருக்குதா சாமி?” என்றார்.

“இருக்குதுங்க அப்பாரு. நீங்க கேட்டுச் சொன்னதுன்னே எழுதியிருக்கறனுங்க.”