கொல்லிமலைக்கு ஒரு திட்டமும் முப்பது வருடப் பொய்யும்

  இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறார் என்று என்னைப் பற்றிக் குறைப்பட்டவர்கள்தானே நீங்கள். பழகியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை, 1998இல் பத்தாம் வகுப்பு முடித்த ஐந்து பேர் களம்பூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் அரிசி ஆலை வைத்திருக்கிறார். இருவருக்கு ஆரணியில் பட்டுத் தொழில். ஒருவர் சென்னையில் வேலை. ஒருவர் மெக்கானிக்.

"சார், தை மாசம் பைக்லயே கொல்லிமலை போறோம். நீங்களும் வரணும். திட்டம் எல்லாம் நீங்கதான் போட்டுத் தரணும்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நமக்குப் பழகிய மலை ஜவ்வாது மலைதான். போளூர் போய், அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறிவிடுவோம். கொல்லிமலையை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அதனாலேயே ஆசை.

என் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எறங்கறப்போ எப்படி எறங்குவீங்க?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் திட்டம்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒப்பிட்டுப் பாருங்கள்: நம் பக்கத்து ஏலகிரியில் 14, சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20, ஆழியாறிலிருந்து வால்பாறை போக 40. இங்கே 70. ஏறி முடிக்கும்போது அடிவாரத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் நிற்போம்.

வழி: களம்பூர், போளூர், திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடி கணவாய், சேலம், ராசிபுரம். 200 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகள் போட்டு வைத்திருந்த கணக்கு, விடியற்காலை கிளம்பி அன்று மாலையே மலை உச்சி. நான் அதை அடித்துவிட்டேன். நாள் முழுக்க வண்டி ஓட்டிக் கை மரத்துப்போன நிலையில், பொழுது சாயும் நேரத்தில், தெரியாத மலையில் 70 வளைவு ஏறக் கூடாது. முதல் நாள் ராசிபுரத்தோடு நிறுத்திக்கொள்வோம். இரவு நல்ல தூக்கம். மறுநாள் பனி விலகியதும் ஏற்றம். மேலே ஒரு இரவு. மூன்றாம் நாள் காலை வெளிச்சத்தில் இறக்கம். பாவு சரியாக ஓடாமல் தறியில் உட்காரக் கூடாது என்று உங்கள் வீடுகளில் சொல்வார்களே, அதேதான் இதுவும்.

தை மாசம் நல்ல தேர்வு. ஐப்பசி, கார்த்திகையில் மழை, மலைச்சாலையில் மண் சரியும். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், அப்போது கூட்டம் அதிகம். மேலே செம்மேட்டில் ஓரியின் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் ஐந்து விலங்குகளை வீழ்த்தியவன் என்று உங்கள் தமிழாசிரியர் சொன்னது நினைவிருக்கும். அறப்பளீசுவரர் கோயில் பார்க்கலாம். பக்கத்தில்தான் ஆகாயகங்கை அருவி. ஆயிரத்துக்கு மேல் படி இறங்கிப் போக வேண்டும், திரும்பி ஏறவும் வேண்டும். என் முழங்கால் சார்பாக நான் மேலேயே உட்கார்ந்துகொள்கிறேன். மிளகும் பலாவும் அன்னாசியும் விளையும் மலை அது. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு அது ஊர், நமக்குத்தான் சுற்றுலா. பாட்டில் எறிவது, வளைவில் நின்று கூச்சல் போடுவது எதுவும் கூடாது.

வண்டி விஷயம். பெட்ரோல் டேங்கை ராசிபுரத்திலேயே நிரப்பிவிட வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டயர், பிரேக் கட்டை, செயின் எல்லாவற்றையும் நம் மெக்கானிக் தம்பி பார்த்துவிடுவார். முதல் நாள் ராத்திரி பார்ப்பதில் பயன் இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர் வேண்டாம். வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாக விடுபட்டு வண்டி சும்மா உருளும், எஞ்சின் இழுத்துப் பிடிக்காது. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியும்கூட.

இப்போது என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன்.

உறவினர்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். 1991இல் என் மனைவிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லோருக்கும் தெரியும். அது பொய்.

வளைகுடாப் போரை ஒட்டி பெட்ரோல் விலை ஏறியிருந்த நேரம். நாங்கள் இருவரும் என் நூறு சிசி வண்டியில் ஜமுனாமரத்தூர் போயிருந்தோம். மூன்று வயது மகனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனது நல்லதாயிற்று. இதை எழுதும்போதும் அந்த நினைப்புதான் முதலில் வருகிறது. திரும்பும்போது, இறக்கம்தானே என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டேன். அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள். இப்போதும் செய்கிறார்கள். "பயமா இருக்குங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். "நான் சயின்ஸ் வாத்தியார், எனக்குத் தெரியாதா?" என்றேன்.

நாலைந்து வளைவு தாண்டியதும் கருகிய வாடை வந்தது. பிரேக்கை அழுத்தினால் கட்டை பிடிக்கிறது, வண்டி நிற்கவில்லை. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் மோதினேன். எனக்குச் சிராய்ப்பு, அவளுக்கு மணிக்கட்டு. புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. அதை வந்து நெய்து முடித்துக் கொடுத்த என் மைத்துனர் இதைப் படிப்பார். மச்சான், மன்னித்துவிடுங்கள்.

கிணற்றடிக் கதையைச் சொன்னது அவள்தான். "வாத்தியாரே வண்டிய விட்டுட்டாருன்னு ஊர் சிரிக்கக் கூடாது" என்றாள். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஆற்றல் மாற்றம் நடத்தினேன். உங்களில் சிலர் அதற்கு முன்பும் பின்பும் என்னிடம் அதே பாடத்தைப் படித்தவர்கள்.

அந்தப் பாடத்தை இப்போது ஒழுங்காக நடத்துகிறேன். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கினால் விடுபடும் நிலை ஆற்றல் 250 × 9.8 × 1000, அதாவது 24.5 லட்சம் ஜூல். ஒரு பெரிய குண்டானில் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இந்த வெப்பம் எங்கேயாவது போயாக வேண்டும். கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக் காற்றில் விட்டுவிடும். நியூட்ரலில் இறங்கினால் உள்ளங்கை அகல பிரேக் கட்டை மட்டுமே அத்தனையையும் தாங்க வேண்டும். சூடு ஏற ஏறக் கட்டையின் உராய்வு குறையும், டிரம்மும் விரிந்து விலகும். அவ்வளவுதான்.

ஆகவே, எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவோம். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன்பே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, உடனே விட்டுவிட வேண்டும். இருபது வளைவுக்கு ஒருமுறை நிறுத்திப் பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும். பின்னால் இருப்பவர் "பயமா இருக்கு" என்றால் அந்த இடத்திலேயே வண்டி நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

இதையெல்லாம் தாளில் எழுதி நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். கிணற்றடிக் கதையை எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் வரேன்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏறறப்போ உங்க கூட வண்டியில. எறங்கறப்போ நான் பஸ்ல வந்துடறேன்."

நாமக்கல்லிலிருந்து மலைக்குப் பஸ் போகிறது. அதையும் யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறாள். நியாயமான தீர்ப்பு. ஏற்றுக்கொண்டேன். காரவள்ளியில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, நான் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேகமாக வந்து அல்ல பிள்ளைகளே, முதல் பஸ்ஸுக்கு முன்பே கிளம்பி.

கொல்லிமலை போய் வந்தவர்கள் செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ தங்க நல்ல இடம் இருந்தால் கீழே எழுதுங்கள். எட்டுப் பேர், அதில் இருவர் வயதானவர்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்