நிலம் அசைந்த இரவு

பொறுமைக்கு உவமை தேடிய வள்ளுவப் பெருந்தகையின் முன் நிலமே நின்றது. தன்னைத் தோண்டுவாரையும் தாங்கும் அந்நிலம் பொறையிழந்த இரவொன்று எம் ஆனைமலைப் பகுதிக்கும் உண்டு.

எம் நன்னிமா, தம் தாயார் சிறுமியாயிருந்தபோது கண்டதை அடிக்கடி சொல்வார். பின்னிரவில் பலகையில் அடுக்கியிருந்த பித்தளைப் பாத்திரங்கள் தாமே கலகலத்தனவாம். தொழுவத்து மாடுகள் கதறினவாம். "பூமி புரண்டு படுத்துச்சு" என்பார். கல்லூரியில் பயின்ற செருக்கில் அதனைக் கட்டுக்கதையென நகைத்தோம்.

பின்னாளில் நூலகத்தில் நிலநடுக்கம் பற்றிப் படித்தபோது எம் நகைப்பு நாணமாயிற்று. 1900 பிப்ரவரி 8ஆம் நாள் விடியுமுன், கோவை வட்டாரத்தில் ஏறத்தாழ 6 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்துள்ளது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதனை உணர்ந்தது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடைப்பட்ட பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியையே அதன் மையமாக அறிஞர் கருதுகின்றனர்.

இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. நகர்ந்து ஆசியாவை நெருக்குகிறது. அந்நெருக்கம் தென்னகத்துப் பழம்பாறைகளிலும் சிறுகச் சிறுகச் சேர்கிறது. தாங்கவியலாத நாளில் பழைய பிளவொன்று சறுக்குகிறது.

கருவிகள் அரிதாயிருந்த அக்காலத்து நடுக்கத்தை ஆய்வோர் மக்கள் பட்டறிவையே நாடுவர். எவ்வூரில் உறங்கியோர் விழித்தனர், எங்கே பாத்திரம் உருண்டது, எங்கே சுவர் பிளந்தது எனத் திரட்டுவர். ஒத்த அதிர்வுடைய ஊர்களைக் கோட்டால் இணைத்து மையத்தை உய்த்துணர்வர். அவ்வாறாயின் அப்பித்தளைப் பாத்திரங்களும் சான்றுகளே! மேலும் கேட்டறிய விழைந்தபோது நன்னிமா இறையடி சேர்ந்துவிட்டார்.

மறதிக்கு விலை பெரிது. 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டிய மாநிலம் லாத்தூர்ப் பகுதியில், ஏறத்தாழ இதே அளவு நடுக்கம், விடியுமுன் நிகழ்ந்தது. மண்சாந்தில் எழுப்பிய கனத்த கற்சுவர்கள் உறங்கியோர்மீது சரிந்தன; ஏறத்தாழ பத்தாயிரவர் மாண்டனர்.

ஆனைமலையில் எம் பழைய இல்லத்தைப் புதுப்பித்தபோது, லிண்டல் கான்கிரீட்டை எல்லாச் சுவர்களின்மீதும் கம்பியுடன் வளையமாக ஓட்டச் சொன்னோம். நடுக்கத்தில் சுவர்கள் தனித்தனியே சாயாமல் அது பிணைத்து நிற்கும். "நம்மூருக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்றார் கொத்தனார். நன்னிமாவின் கதையைச் சொன்னோம். அவர் நகைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து முதியோர் சொல்வனவற்றை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். யாம் காலந்தாழ்த்தினோம், நீங்கள் தாழ்த்தற்க.