தனியாக விளையும் இரண்டு ஏக்கர்

"பால் பிடிக்கிற நேரம் சார். இப்ப விட்டுட்டா மொத்தமும் குருவிக்குத்தான்" என்றபடி அந்த விவசாயி ஒரு கதிரை வளைத்து, மணி ஒன்றை நகத்தால் நசுக்கிக் காட்டினார். வெள்ளையாகப் பால் கசிந்தது. ஆடுதுறை 37, குண்டு நெல். விதைத்த 105 நாளில் அறுத்துவிடலாம் என்பதால் நவரைப் பட்டத்துக்குத் தோதான ரகம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய இரண்டு ஏக்கர் அது. ஒரு பக்கம் கம்பெனி மதில், இரண்டு பக்கம் கல் நட்ட மனைகள், மீதிப் பக்கம் தரிசு. மறுகோடி வரப்பில் அவர் மனைவி எவர்சில்வர் தட்டைத் தட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். விடியலிலும் சாயங்காலமும் இப்படி விரட்டியாக வேண்டும். முன்பு இவ்வளவு பாடு இல்லையாம். சுற்றிலும் நெல் விளைந்த காலத்தில் குருவி தின்றது எல்லார் நிலத்திலும் பரவிப்போகும். ஒருவருக்கும் பெரிதாகத் தெரியாது. இப்போது அத்தனை வாயும் இந்த ஒரே வயலுக்கு வருகிறது. எலியும் அப்படித்தான்.

விலை ஏறியதால் விவசாயி நிலத்தை விற்கிறார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பக்கத்து நிலத்தில் பயிர் நின்றுபோனால் தன் நிலத்திலும் பயிர் வைக்க முடியாமல் போகிறது என்பதைத்தான் இங்கே கண்டேன். நெல் விவசாயம் ஒருத்தர் தனியாகச் செய்கிற வேலையே அல்ல.

தண்ணீரைப் பாருங்கள். ஏரி மதகிலிருந்து இந்த வயலுக்கு ஒரு கால்வாய் வந்தது. மனை போட்டவர்கள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேடாக்கியதில் அது தூர்ந்துவிட்டது. ஏரியில் தண்ணீர் இருந்தாலும் வயலுக்கு வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் நிற்கும் தண்ணீர் வடியாது, சம்பாப் பயிர் அழுகும். பாலித்தீன் உறையில் பத்திரப்படுத்தியிருந்த புலப்படத்தை விரித்து, கால்வாய் ஓடிய கோட்டை விரலால் தடவிக் காட்டினார். காகிதத்தில் அது இன்னமும் இருக்கிறது.

இதே வட்டாரத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து, சென்னையின் குடிநீருக்காக 2020இல் அரை டி.எம்.சி. நீர்த்தேக்கம் திறந்தார்கள். சென்னைக்குத் தண்ணீர் வேண்டும்தான். அந்த அக்கறையில் கொஞ்சம் இந்தக் கால்வாய்க்கும் வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் அதிகாரிகள் புலப்படத்துடன் நேரில் வந்து, கால்வாய் தரையில் இருக்கிறதா என்று நடந்து பார்க்கட்டும். அதைக்கூடச் செய்யாமல் விவசாயத்தைக் காப்போம் என்று பேசுவது நியாயமே இல்லை.

இப்போது போர்வெல்தான் கதி. 1990 முதல் பம்ப்செட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் இல்லாவிட்டால் விவசாயத்தை என்றைக்கோ விட்டிருப்பார். நடவுக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். உழவுக் கூலிக்கு, கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் மகனின் சம்பளத்திலிருந்து எடுக்கிறார்கள்.

அவரை அரிக்கும் கவலை அறுவடை மெஷின். இரண்டு ஏக்கருக்காக அவ்வளவு தூரம் வண்டியைக் கொண்டுவர முடியாது என்கிறார்கள் மெஷின்காரர்கள். அதனால் தரிசு போட்டிருக்கும் பக்கத்து நிலத்துக்காரரிடம் நாலைந்து தடவை போய்ப் பேசியிருக்கிறார். "சொர்ணவாரிப் பட்டத்துக்கு நீயும் பயிர் வைப்பா, நாத்து நான் தர்றேன், உழவையும் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். யோசிக்கிறேன்னான். அவன் ஒன்றரை ஏக்கர் சேந்துச்சுன்னா மெஷின்காரன் வந்துருவான் சார். குருவியும் பாதி அந்தப் பக்கம் போயிடும்."