ஓட்டுப் போடாமல் கிடைத்த உறுப்பினர்

புத்தாண்டு பிறந்ததும் பத்துமலைக்காரர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று தைப்பூசம். மற்றது பிப்ரவரி முடிவதற்குள் கட்ட வேண்டிய வீட்டு வரி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் எங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினர்.

முதல் வாரத்திலேயே அவருடைய புலனம் அலறத் தொடங்கிவிடும். அடைத்த கால்வாய், எரியாத தெருவிளக்கு, பூசக் கடைக்கு லைசென்ஸ், வாசலை மறித்து நிற்கப்போகும் கார்கள், அப்புறம் அந்தக் குப்பை. 272 படி ஏறி இறங்கும் பல லட்சம் பேரையும் சேர்த்துத் தாங்குவது செலாயாங் நகராண்மைக் கழகத்தின் சாலையும் சாக்கடையும்தான். திட்டு மட்டும் இந்த ஒரு மனிதருக்கு!

இத்தனைக்கும் அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளியே வைத்துவிட்டது. மாநில அரசு நியமிக்கிறது, பெயரைக் கட்சி கொடுக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர்கள் பாடு இன்னும் மோசம்: கோலாலம்பூருக்கு மேயர் உண்டு, உறுப்பினர்களே கிடையாது.

தேர்தல் திரும்ப வர வேண்டும் என்பதே என் கட்சி. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். நகராண்மைக் கழகக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று அதே 1976 சட்டம்தான் சொல்கிறது. உங்கள் வட்டார உறுப்பினர் யாரென்று இந்த வாரமே விசாரியுங்கள். கால்வாய் அடைத்திருந்தால் படமும் தெருப் பெயரும் சேர்த்து அனுப்புங்கள். ஒருமுறை கூட்டத்துக்கும் போய் உட்காருங்கள்.